சிரிப்பு எந்த இடத்தில் நின்றது?



படம் போட்டு, அதை வைத்துச் சமூகத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களுக்குச் சித்தூர், திருப்பதிப் பக்கம் என்னை அடிக்கடி கூப்பிடுகிறார்கள். கல்லூரி, மாணவர் விடுதி, நூலகம், எதுவானாலும் போய்விடுகிறேன். எனக்கு மனதுக்குப் பிடித்த வேலை அது. அதனாலேயே அதற்குள் புகுந்துவிட்ட ஒரு வழக்கத்தைப் பார்த்தால் பொறுக்கவில்லை. படம் முடிந்ததும் விளக்கைப் போடுகிறார்கள். சிறப்பு விருந்தினருக்குச் சால்வை. அவர் மைக்கைப் பிடித்து, இந்தப் படம் சொல்லும் செய்தி என்னவென்று முக்கால் மணி நேரம் விளக்குகிறார். பார்த்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. சில இடங்களில் முழுப் படம்கூடக் கிடையாது. பத்து நிமிடத் துண்டு, கூடவே ஒரு கேள்வித்தாள்.

செய்தி என்ன என்று கேட்காதீர்கள். எங்கே சிரித்தீர்கள், அந்தச் சிரிப்பு எங்கே நின்றது என்று கேளுங்கள்.

சினிமாவும் சமூகமும் பின்னிக் கிடப்பதைத் திருப்பதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960-ல் ‘ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்’ படத்தில் பெருமாளாக வந்தார் என்.டி.ராமராவ். மலையில் தரிசனம் முடித்த யாத்ரீகர்கள் அப்படியே பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். 1983 தேர்தலில் அவர் வென்ற தொகுதிகளில் திருப்பதியும் ஒன்று. 2008-ல் சிரஞ்சீவி கட்சி தொடங்கியது இங்கேதான், மறு ஆண்டு சட்டமன்றத்துக்குப் போனதும் இங்கிருந்துதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நேராக நான் போடும் படத்துக்கு வருகிறேன்.

2013-ல் நாகராஜ் மஞ்சுளே எடுத்த மராத்திப் படம் ‘ஃபன்றி’. அவருடைய முதல் முழுநீளப் படம். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது பெற்றது. ஜப்யா என்ற பையன், கைக்காடி சாதி. ஊருக்குள் திரியும் பன்றிகளைப் பிடிக்கிற வேலை அந்தக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கூடப் படிக்கும் ஷாலு மீது அவனுக்கு ஆசை. தான் பன்றி பிடிப்பதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவன் கவலையெல்லாம்.

கடைசிப் பகுதியில், பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே பன்றி பிடிக்க வேண்டி வருகிறது. அப்பா கச்ரு கத்துகிறார், பையன் ஒளிகிறான். ஊர் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது, கைகொட்டிச் சிரிக்கிறது, மொபைலில் படம் எடுக்கிறது. பன்றி கையில் சிக்கப்போகும் நேரத்தில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. ஜப்யா அசையாமல் நிற்கிறான். குடும்பமே நிற்கிறது. பன்றி தன் பாட்டுக்குப் போய்விடுகிறது.

நான் போட்ட இடத்திலெல்லாம் இந்தத் துரத்தலுக்குச் சிரிப்பு எழுந்திருக்கிறது. ஆனால் எல்லாருடைய சிரிப்பும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. முன்வரிசையில் ஒரு பெண், அப்பன் மகனைத் திட்டும்போதே நிறுத்திவிடுகிறாள். பின்வரிசையில் ஒருவன், பிறகு ஒருவழியாகப் பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு, அம்பேத்கரும் சாவித்திரிபாய் பூலேயும் வரையப்பட்ட பள்ளிச் சுவரை அவர்கள் கடக்கும்போதுதான் நிறுத்துகிறான். அந்த இடைவெளியில்தான் சமூகவியல் இருக்கிறது. மறுபடி சொல்கிறேன், யார் சிரிப்பு எப்போது நின்றது என்கிற அந்த இடைவெளியில்.

படம் முடிந்ததும் நான் பேசுவதில்லை. அந்தக் காட்சியை மட்டும் ஒலியில்லாமல் இன்னொரு முறை போடுகிறேன். ஆளுக்கு ஒருவரைப் பிரித்துக் கொடுக்கிறேன்: நீ அம்மாவை மட்டும் பார், நீ ஷாலுவை மட்டும் பார், நீ மொபைல் பிடித்திருப்பவனைப் பார். பிறகு அவரவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கருத்து வேண்டாம், கண்ணில் பட்டது போதும்.

திருப்பதியில் ஒரு மாணவியர் விடுதியில், நகரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், நான் வேடிக்கை பாக்குறவங்களோட சேர்ந்துதான் சிரிச்சேன். அவங்க நின்ன இடத்துலதான் நானும் நின்னிருக்கேன்” என்றாள். அதுவரை பேசாமல் இருந்த இன்னொரு பெண், எருகல சமூகத்தைச் சேர்ந்தவள், தெலுங்கில் சொன்னாள்: தாத்தா வீட்டுக்குத் தோழிகள் யாரையும் இதுவரை கூட்டிப்போனதில்லை, அங்கே பன்றிக் கொட்டகை இருக்கிறது. அதன் பிறகுதான் எர்விங் காஃப்மன் பெயரை எடுத்தேன். தன் மேல் விழுந்த இழிவை மறைக்க ஒரு மனிதர் அன்றாடம் எவ்வளவு பாடுபடுகிறார் என்று 1963-லேயே தனிப் புத்தகம் எழுதியவர் அவர். முதலில் காஃப்மன், பிறகு படம் என்று வைத்திருந்தால் அந்தப் பெண் பேசியிருக்கவே மாட்டாள். குறிப்பெடுத்திருப்பாள்.

‘மா பூமி’யைப் போடக்கூடாதா என்று கேட்கிறார்கள். கௌதம் கோஷ் 1979-ல் எடுத்தது, தெலங்கானா உழவர் போராட்டக் கதை, பெரிய படம். ஆனால் அதைப் பார்க்கும்போது அறையில் இருக்கிற எல்லாரும் உழவர் பக்கம் சேர்ந்துகொள்கிறோம், நிலப்பிரபு திரையிலேயே தங்கிவிடுகிறான். ‘ஃபன்றி’யில் அந்த வசதி கிடையாது. சிரித்தவர்கள் சிரித்தவர்கள்தான்.

கடைசியில் ஜப்யா, கேலி செய்தவன் மீது கல்லெறிகிறான். இறுதிக் கல் கேமராவை நோக்கியே வருகிறது. ஒரு கூட்டத்தில், அதற்கு முன்பே நிறுத்திவிடலாமே, வன்முறையாக இருக்கிறது என்றார்கள். முடியாது என்றேன். அந்தக் கல் யாருக்கு என்பதுதான் அன்றைக்கு அறையில் ஓடிய பேச்சு முழுக்க. கேலி செய்தவனுக்குத்தான் என்று பாதிப் பேர், நமக்குத்தான் என்று பாதிப் பேர். வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டும் வரை விடவில்லை.

நீங்களும் போடுங்கள். நாற்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். படம் ஒன்றே முக்கால் மணி நேரம், பேச்சுக்கும் அதே நேரத்தை ஒதுக்குங்கள். சால்வைக்கு வைத்த பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாடகைக்கு எடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தேசிய கீதம் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும்.