எதிரிக்கூண்டின் அருகே நின்றவர்
(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வ. உ. சிதம்பரம்பிள்ளை என்றவுடன் கப்பல்தான் நம் நினைவுக்கு வரும். துறைமுகத்தோடு வாழும் திருக்கோணமலை மக்களாகிய நமக்கு அது இயல்பே. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கப்பல் அன்று. கப்பல் வாங்குவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னரே அவர் கைக்கொண்ட தொழில் ஒன்றுண்டு. குற்ற வழக்குகளில் எதிரிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் தொழில் அது. அவருடைய பிற்கால வாழ்வுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

"களவெடுத்தவனுக்கும் கொலை செய்தவனுக்கும் வாதாடுவது தருமமா?" என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். விடையைச் சிலப்பதிகாரத்திலே காணலாம். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. பொற்கொல்லன் சொன்னதை மன்னன் நம்பினான். சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் எதுவென்று கேட்க ஒருவரும் இல்லை. கண்ணகி வந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. உயிரோ முன்னரே போய்விட்டது. வைகாசியில் நம் கிழக்கிலங்கையிலே கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி செய்கின்றோம். விசாரியாமல் ஒருவனைத் தண்டித்த குற்றத்தின் நினைவும் அந்த வழிபாட்டிலே கலந்திருக்கின்றது. எதிரியின் அருகே நின்று பேச ஒருவர் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நீதி.

சிதம்பரனார் 1872 செப்டெம்பர் 5 ஆம் நாள் திருநெல்வேலிச் சீமை ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளையும் வழக்கறிஞரே. நம் பெரியோர் அப்புக்காத்தர், பிறக்கிராசியார் என்று வழங்கியவர்களை அங்கே வக்கீல் என்பர். 1895 இல் மகனும் அத்தொழிலில் இறங்கினார். வழிவழி வந்த வசதியும் செல்வாக்கும் அவருக்கு இருந்தன. அவரோ ஏழைகளின் குற்ற வழக்குகளை விரும்பி எடுத்தார். கூலி கொடுக்க இயலாதவரிடம் கூலி கேளாமலே வாதாடினார். பொலிசார் கொண்டுவந்த வழக்குகள் பல அவர் வாதத்தின் முன் நிற்கவில்லை. அதனால் அவர்களின் பகை வளர்ந்தது. மகனுக்குத் தீங்கு வருமென்று அஞ்சிய தந்தையார் 1900 இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

அவர் கையில் இருந்த படைக்கலம் சட்டம் ஒன்றே. அவர் பிறந்த 1872 ஆம் ஆண்டிலேதான் இந்தியச் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. அவர் தொழில் தொடங்கிய 1895 இல் அதனை அடியொற்றி இலங்கையிலும் சாட்சியக் கட்டளைச் சட்டம் வந்தது. பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாகச் சான்றாக்கலாகாது என்பது இரண்டிலும் இடம்பெற்ற விதி. அடித்தும் அச்சுறுத்தியும் வாங்கிய சொல்லை நீதிமன்றம் ஏற்குமானால், சாட்சி தேடும் உழைப்பு எவருக்கும் வேண்டியதில்லை. இவ்விதியின் அருமை நம் நாட்டாருக்கு நன்கு தெரியும். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத பதவியினரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க இடமளித்தது. அதனாலே மறியலிற் கிடந்தோரின் தாய்மார் பட்ட துயரை நாம் கண்டிருக்கின்றோம்.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதன் கப்பல்கள் ஓடின. 1908 இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார். அவ்வாண்டு மார்ச் 12 இல் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் சிறைப்படுத்தினர். இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவர் மீது சாட்டிய குற்றங்கள் இரண்டு. ஒன்று இராசத்துரோகப் பேச்சு. மற்றொன்று சிவாவுக்கு இடமும் துணையும் கொடுத்தமை. பிறருக்குத் துணைநின்று பழகியவருக்கு அத்துணையே குற்றமாயிற்று. எத்தனையோ பேருக்காக வாதாடியவர் தாமே எதிரிக்கூண்டில் நின்றார்.

1908 சூலை 7 இல் நீதிபதி பின்ஹே ஒவ்வொரு குற்றத்துக்கும் ஆயுள் தண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். பின் கண்ணனூர்ச் சிறை. 1912 டிசெம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை; தொழிலும் இல்லை. தண்டனை பெற்றவர் என்று வழக்குரைக்கும் உரிமையைப் பறித்திருந்தனர். சென்னையிலே கடை வைத்தும் வறுமை தீரவில்லை. கப்பலை இழந்ததைவிட இந்த இழப்பு சிறிதென்று நாம் எண்ணலாகாது. பேசத் தெரிந்தவனைப் பேசவிடாமற் செய்தது அது.

ஆண்டுகள் பல சென்றபின் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர், அந்நாட்டார் ஒருவரின் நல்லுள்ளத்தை மறக்கவில்லை. மறுபடியும் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் நீதிமன்றம் சென்றார். தமிழும் சைவமும் அவரை விட்டு நீங்கவில்லை. தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். சிவஞானபோதத்துக்கும் திருக்குறள் அறத்துப்பாலுக்கும் உரை கண்டார். 1936 நவம்பர் 18 இல் தூத்துக்குடியிலே காலமானார். அவர் விட்டுச்சென்ற மரண சாசனத்தில் கடன்களின் பட்டியலும் இருந்தது. கூலி கேளாமல் வாதாடியவரின் கணக்கு அப்படித்தான் முடியும். 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இளைஞர்களே! நீங்கள் எல்லோரும் சட்டம் படிக்கப் போவதில்லை. ஆயினும் ஒருவனைப் பிடித்தார்கள் என்று கேட்டவுடன் அவனைக் குற்றவாளி என்று சந்தியில் நின்று தீர்ப்புச் சொல்லாதிருக்க எல்லோராலும் முடியும். குற்றம் எண்பிக்கப்படும்வரை எவரும் சுத்தவாளியே என்று நமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அவ்வாண்டிலேயே ஏழைகளுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழுவும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு வழக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். அவன் தாயோடு கூடச் செல்லுங்கள்.

பெரியோர்களே! பிள்ளைகளைச் சட்டம் படிக்க அனுப்பும்போது எவ்வளவு உழைப்பாய் என்று மட்டும் கேளாதீர்கள். யாருக்காகப் பேசுவாய் என்றும் கேளுங்கள்.

கோணநாதர் திருவருள் துணைநிற்க.