பூரான் ஏறும் மேடு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு தீபகற்பத்தின் நுனியில் இருக்கிறது சான் பிரான்சிஸ்கோ. கிழக்கே அமைதியான விரிகுடா, மேற்கே ஓயாமல் அலையடிக்கும் பசிபிக். இந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவே, சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஆண்டுதோறும் மே மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஊர் இன்னும் மூடுபனியைக் களையாத நேரத்தில், பல்லாயிரம் பேர் விரிகுடாப் பக்கம் கூடி, கடலைப் பார்த்து ஓடத் தொடங்குகிறார்கள். பே டு பிரேக்கர்ஸ் என்று பெயர். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே அங்கே ஒரு போர் நடக்கும்: நின்றுகொண்டிருக்கும் கூட்டம் டோர்ட்டியா ரொட்டிகளை ஒருவர் தலைமேல் ஒருவர் வீசிக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் வட்ட வட்டமாக ரொட்டி பறக்கிறது, கீழே பார்த்தால் தார்ச்சாலையில் மிதிபட்டு ஒட்டிக் கிடக்கிறது. வாழைப்பழமாக வேடமிட்டவர், மணப்பெண் உடையில் தாடியோடு நிற்பவர், டைனோசர், எல்விஸ் பிரெஸ்லி எல்லோரும் அந்த ரொட்டியில் வழுக்காமல் முதல் நூறு மீட்டரைக் கடந்தாக வேண்டும். உடையே இல்லாமல் ஓடுகிற சிலரும் உண்டு.

ஓட்டத்தைப் பயிற்சியாகவும் தவமாகவும் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. கைக்கடிகாரத்தில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்து ஓடுகிறவருக்கு முன்னால் நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? கூத்து வேறு, ஓட்டம் வேறு, இரண்டையும் சேர்த்தால் இரண்டும் கெடும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த வாதம் நிற்காது என்பதே நான் சொல்ல வருவது. நூறு ஆண்டுக்கும் மேலாக அந்த ஓட்டத்தை ஊரோடு கட்டி வைத்திருப்பது அந்தக் கூத்துதான். ஓட்டம் கறாராக இருப்பதால்தான் கூத்துக்கும் அங்கே மதிப்பு.

முதலில் ஓட்டம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் பெரும் நிலநடுக்கம் அந்த நகரத்தை உலுக்கியது. அதைவிடக் கொடுமை, பின்னால் நாள்கணக்கில் எரிந்த தீ. குழாய்கள் உடைந்து தண்ணீர் இல்லை. சுமார் மூவாயிரம் பேர் மாண்டார்கள், ஊரில் பெரும்பகுதி சாம்பலானது. ஆறு ஆண்டு கழித்து, 1912 ஜனவரி முதல் நாள், நாங்கள் எழுந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ள ஊரின் குறுக்கே ஓர் ஓட்டம் வைத்தார்கள். 1915-இல் நடக்கவிருந்த பனாமா பசிபிக் உலகக் கண்காட்சிக்கு அது ஒரு முன்னோட்டம். முதல் ஆண்டில் வென்றவர் பாபி வ்லூட் என்ற கல்லூரி மாணவர். 44 நிமிடத்துச் சொச்சத்தில் அவர் கடற்கரையைத் தொட்டார். ஆக, பிறக்கும்போதே இது வெறும் விளையாட்டுப் போட்டி இல்லை. துக்கம் காத்த ஊர் தன்னைத் தேற்றிக்கொள்ள வைத்த விழா. அதற்கு 'கிராஸ் சிட்டி' என்று பெயர் வைத்ததிலும் வியப்பில்லை. இன்றைய பெயர் 1964-இல்தான் வந்தது.

இப்போது தடத்தைக் கவனியுங்கள். புறப்படும் இடம் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே, ஹோவர்ட் தெரு. கண்ணாடிக் கோபுரங்கள் நெருங்கி நிற்கிற அந்தப் பகுதி 1906-இல் மரத்தால் கட்டிய விடுதிகளும் பட்டறைகளும் நிறைந்த உழைப்பாளர் குடியிருப்பு. அதில் நல்ல பகுதி சதுப்பை மண்ணடித்துத் தூர்த்த நிலம். நிலம் குழைந்தது, விடுதிகள் அமிழ்ந்தன, மிச்சத்தைத் தீ தின்றது. ஹோவர்டில் சமதளமாக ஓடி, ஒன்பதாம் தெருவில் வலப்பக்கம் திரும்பி, ஹேய்ஸ் தெருவைப் பிடிக்க வேண்டும். ஹேய்ஸும் காஃப் தெருவும் சந்திக்கிற முனையில் இன்று காப்பிக் கடைகளும் துணிக்கடைகளும் இருக்கின்றன. நிலநடுக்கத்தன்று காலை அந்த முனையிலிருந்த ஒரு வீட்டில் ஒரு பெண் சிற்றுண்டிக்காக அடுப்பு மூட்டினார். புகைபோக்கி விரிசல் விட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அங்கே பற்றிய நெருப்பு நகர மண்டபம் உட்பட ஊரின் நடுப்பகுதியையே விழுங்கியது. பன்றி இறைச்சியும் முட்டையும் சமைக்கப் போய் வந்த தீ என்பதால் வரலாற்றில் அதற்கு 'ஹாம் அண்ட் எக்ஸ்' தீ என்றே பெயர். அந்த முனையைத்தான் வாழைப்பழங்களும் டைனோசர்களும் கடந்து ஓடுகிறார்கள்.

அடுத்தது மேடு. ஃபில்மோர் தெருவிலிருந்து ஸ்டைனர் தெரு வரையுள்ள ஒரே ஒரு கட்டம், நூற்றுக்குப் பதினொரு பங்கு சரிவு. ஏறி முடித்தால் அலமோ சதுக்கம். தீ எட்டாத பகுதி அது. 1890-களில் கட்டிய வண்ண வண்ண மரவீடுகள் வரிசையாக அங்கே இன்றும் நிற்கின்றன. படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று வீடிழந்தவர்கள் இந்த மேட்டிலிருந்துதான் தங்கள் ஊர் எரிவதைப் பார்த்தார்கள். அங்கிருந்து ஃபெல் தெரு வழியாகக் கோல்டன் கேட் பூங்கா. வெறும் மணல் மேடுகளாகக் கிடந்த இடத்தில் 1870-கள் தொடங்கி மரம் வளர்த்து உண்டாக்கிய ஆயிரம் ஏக்கர் பச்சை அது. 1906-இல் அகதிகளின் கூடாரங்கள் அங்கே வரிசை வரிசையாக நின்றன. வெள்ளைக் கண்ணாடி மாளிகையாக நிற்கும் மலர்க்கூடத்தைத் தாண்டி, காட்டெருமைகள் மேயும் வேலியைத் தாண்டி, சாலை மெல்ல இறங்கிக் கடலில் முடிகிறது. எரிந்த இடம், தீ பற்றிய இடம், பிழைத்த இடம், அடைக்கலம் தந்த இடம் என்று ஒரே காலையில் ஒரு நகரத்தின் பேரழிவை வரிசை மாறாமல் கால் தொட்டுப் போகிறது. யாரும் அப்படித் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். கிழக்கிலிருந்து மேற்கே ஊரைக் குறுக்கே கடந்தால் இப்படித்தான் அமையும். ஆனாலும் இந்தத் தடத்தில் சிரித்துக்கொண்டு ஓடுவது, பிறந்த நோக்கத்துக்கு ஒத்த செயல்தான் என்று சொல்ல இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

சரி, ஓட்டம் கெடுகிறதா? அதற்கும் தடத்திலேயே பதில் இருக்கிறது. ஒலிம்பிக் மாரத்தான் வீரர் கென்னி மூர் 1968 முதல் 1973 வரை ஆறு ஆண்டும் தொடர்ந்து இங்கே வென்றவர். 2009-இல் கென்யாவின் சாமி கிட்வாரா 33 நிமிடம் 31 விநாடியில் முடித்தார். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட இல்லை, அதுவும் அந்த மேட்டையும் சேர்த்து. முன்னால் ஓடுகிறவர்களுக்குத் தனி வரிசை. அவர்கள் பாதி வழி போன பிறகும் பின்னால் டோர்ட்டியா பறந்துகொண்டிருக்கும். இன்னும் சுவையான சான்று பூரான். 1970-களின் கடைசியில் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஓட்டக்காரர்கள் தொடங்கிய வழக்கம் இது: பதின்மூன்று பேர் ஒரே கயிற்றில் பிணைந்து, முன்னவர் தலையில் உணர்கொம்பும் கடைசி ஆளுக்குக் கொடுக்குமாக, ஒரே பிராணியாக ஓட வேண்டும். இதற்கு உலகச் சாம்பியன் பட்டமே உண்டு. பார்க்க வேடிக்கை, ஓடிப் பார்த்தால் தெரியும் சேதி. பதின்மூன்று பேரின் காலடியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹேய்ஸ் மேட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் கயிறு இறுகி மற்ற பன்னிரண்டு பேரையும் பின்னால் இழுக்கும். திருப்பத்தில் வாலில் இருப்பவர் வெளிவட்டத்தில் பாய்ந்து வந்தாக வேண்டும். அப்படியும் நல்ல பூரான்கள் நாற்பது நிமிடத்துக்குள் கடலைத் தொட்டிருக்கின்றன. தனியாகவே அந்த நேரத்தில் ஓட முடியாதவர்கள்தாம் நம்மில் மிகப் பெரும்பாலோர். இதை ஓட்டத்தின் கேலிச்சித்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது கதவைத் திறக்கும். 1940-இல் கேப்டன் கிட் என்ற கடற்கொள்ளையனாக வேடமிட்டு ஒருவர் ஓடிக் கடைசியில் வந்தார் என்று இந்தப் போட்டியின் வரலாற்றில் சொல்வார்கள். அதே ஆண்டு பாபி பர்க் என்ற பெண்ணும் ஓடினார், ஆண் வேடத்தில். பெண்களுக்குச் சாலை ஓட்டம் ஆகாது என்றிருந்த காலம். அவர் போட்டது விளையாட்டுக்கான வேடமில்லை. உள்ளே நுழைவதற்கான வேடம். பெண்களை முறைப்படி ஏற்றுக்கொள்ள அதன் பிறகு முப்பது ஆண்டு ஆயிற்று. 1971-இல் பெண்களில் முதலாவதாக வந்தவர் ஃபிரான்சிஸ் கான்லி, நரம்பியல் அறுவை மருத்துவத்தில் பின்னாளில் பெயர் பெற்றவர். இன்று தடை வேறு மாதிரி. உடல் பெருத்தவர், வயதானவர், மூச்சு வாங்குகிறவர் ஆகியோரைத் தடுப்பது விதி இல்லை, பார்வை. கோழி வேடத்தில் ஓடுகிறவரைப் பார்த்து 'இவர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார்' என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆசைக்கு ஓடுகிறவருக்கு இது சின்ன சலுகை இல்லை. அவர் வேர்ப்பதும் அதே பன்னிரண்டு கிலோமீட்டருக்குத்தான். 1986-இல் சுமார் 1,10,000 பேர் இந்தச் சாலையில் இறங்கினார்கள். உலகின் மிகப் பெரிய ஓட்டம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நேரத்துக்காக மட்டும் ஓடுகிறவர்களை வைத்துக்கொண்டு எந்த ஊரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட முடியாது.

மறுப்புகளில் வலுவானது இனிமேல்தான் வருகிறது. அது ஓட்டக்காரர்களின் மறுப்பு அல்ல, தடத்தின் இருபுறமும் குடியிருப்பவர்களுடையது. பீர்ப் பீப்பாய் ஏற்றிய வண்டிகள், வாசற்படியில் சிறுநீர், தோட்டத்தில் மயங்கிக் கிடக்கும் அந்நியர், மறுநாள் மலையாகக் குப்பை. விழா உங்களுக்கு, கழுவுவது எங்களுக்கா என்று அவர்கள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. 2009-இல் மது, வண்டிகள், நிர்வாணம் மூன்றுக்கும் தடை என்று அறிவிப்பு வந்தது. ஊரின் அடையாளமே போகிறது என்று கூச்சல் எழுந்ததும் தளர்த்தினார்கள். பிறகு படிப்படியாக மதுவும் சக்கர வண்டிகளும் வெளியே போயின. பொது இடத்தில் ஆடையின்றி நடமாடுவதை நகரமே 2012-இல் தடைசெய்தபோதும், இதுபோன்ற அனுமதி பெற்ற விழாக்களுக்கு விலக்கு வைத்தார்கள். இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று புலப்படும். வெட்டியெறியப்பட்டவை ஓடாதவர்களின் கொண்டாட்டங்கள். வண்டியில் ஏறி நின்று குடிக்க ஓட்டம் எதற்கு? பன்னிரண்டு கிலோமீட்டரைத் தானே சுமந்து கடக்கிற கூத்து எதுவோ அது தப்பியது. நியாயமான கோடு என்றே எனக்குப் படுகிறது. எண்ணிக்கை 1986-ஐவிட வெகுவாகக் குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. ஒரு லட்சம் பேரை அந்தக் குறுகலான தெருக்கள் தாங்கின என்பதே அதிசயம்.

அப்படியானால் எந்தச் சாலையிலும் எதையாவது கருப்பொருளாக்கி ஓட்டம் வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவில் தொடங்கிய கலர் ரன் ஐந்து கிலோமீட்டர். வழிநெடுக வண்ணப் பொடி வீசுவார்கள், யாருக்கும் நேரம் குறிப்பதில்லை. ஊர் ஊராகப் போய் நடத்தலாம், எங்கே நடந்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதன்முதலாக ஓட வருகிறவருக்கு அது நல்ல நுழைவாயில், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை முடித்தவருக்கு ஓடிய ஊரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. பிரான்சின் மெதோக் மாரத்தான் இதற்கு நேர் எதிர். 1985 முதல் போயாக் என்ற சிற்றூரில் நடக்கிறது. திராட்சைத் தோட்டங்களின் ஊடே, அந்தந்தப் பண்ணை தன் ஒயினைத் தன் வாசலில் ஊற்றிக் கொடுக்க, வேடமிட்ட ஆயிரக்கணக்கானோர் முழு 42 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஒயின் அந்த மண்ணில் விளைந்தது. வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பே டு பிரேக்கர்ஸும் இந்த ரகம். மூடுபனி, மேடு, பழைய தீ, எதையும் ஓரளவு பொறுத்துப்போகிற அந்த நகரத்தின் சுபாவம் எல்லாம் சேர்ந்தால்தான் அது ஆகும்.

மே மாதத்தில் அங்கே போக வாய்ப்பிருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஓட வேண்டாம், பார்க்க வேண்டும் என்றால் புறப்படும் இடத்தில் நிற்காதீர்கள். ஹேய்ஸ் தெருவில் ஃபில்மோருக்கும் ஸ்டைனருக்கும் நடுவே எட்டு மணிக்கெல்லாம் இடம் பிடியுங்கள். கலிபோர்னியா என்றதும் வெயில் என்று நினைத்துவிடாமல் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கிக் கால் மணி ஆவதற்குள் முன்னணி வீரர்கள் மேட்டை ஏறிப் போய்விடுவார்கள். பூரான்களுக்கும் அதிக நேரம் காத்திருக்க வேண்டாம். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேடங்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் பாட்டிமார்களும் வந்துகொண்டே இருப்பார்கள். அதற்குள் கிளம்பிவிடாதீர்கள். சால்மன் மீனாக வேடமிட்ட ஒரு கூட்டம், மீன்கள் முட்டையிட ஆற்றை எதிர்த்து நீந்துவதுபோல, கடற்கரையில் தொடங்கி விரிகுடாவை நோக்கி எதிர்த்திசையில் வரும். ஓடுவதாக இருந்தால், முடிவிடத்தில் கடலைக் கண்டதும் குதித்துவிட வேண்டாம். ஓஷன் பீச்சில் நீர் பனிக்கட்டியாய்க் குளிரும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. ஊருக்குள் திரும்ப 'என் ஜூடா' டிராம் கடற்கரைப் பக்கத்திலேயே கிடைக்கும். டைனோசர்களுக்கும் வாழைப்பழங்களுக்கும் அதே டிராம்தான், ஆகவே உட்கார இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.