சபையோர் கருத்தறிதல்



திருகோணமலை நகரில் ஒரு மகாநாடு கூடுகின்றது எனக் கொள்க. மீன்பிடி பற்றியதாகவோ, வேளாண்மை பற்றியதாகவோ, ஆசிரியர் பயிற்சி பற்றியதாகவோ அஃது இருக்கலாம். வெருகலிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டவர்கள் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். குச்சவெளியார் ஒருபுறம், கந்தளாயார் ஒருபுறம். மங்கல விளக்கேற்றி வரவேற்புரை முடியவே பத்து மணியாகிவிடுகின்றது. அதன்பின் உரைகள், உரைகளின்மேல் உரைகள். பிற்பகலில் நன்றியுரை கூறுபவர் எழுந்து நிற்கும் வேளையில், ஓர் இளைஞர் வரிசை வரிசையாகச் சென்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுக்கின்றார். கூட்டம் எப்படி இருந்தது? மிக நன்று, நன்று, சுமார், நன்றன்று. பொருத்தமானதற்குச் சரி அடையாளம் இடுக. வெருகலிலிருந்து வந்த பெரியவர் பார்ப்பது தாளையன்று, சுவரிலுள்ள மணிக்கூட்டை. கடைசி பஸ் போய்விடுமே என்பது அவர் கவலை. முதற் கட்டத்தில் ஒரு கோட்டை இழுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போகின்றார். மறுவாரம் எழுதப்படும் அறிக்கையில், வந்தோரிற் பெரும்பாலோர் கூட்டம் மிக நன்று என்றனர் எனப் பதிவாகின்றது.

அப்பதிவு பொய் என்று எவரும் கூற முடியாது. ஆயினும் அதிலே உண்மை எவ்வளவு உண்டு என்பது ஆராய வேண்டியதே.

படிப்படியாக அளந்து கருத்தைக் குறிக்கும் இம்முறையை 1932ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் ரென்சிஸ் லைக்கேர்ட் வகுத்தளித்தார். முற்றிலும் உடன்படுகின்றேன் என்பது முதல் சிறிதும் உடன்படேன் என்பது வரை ஐந்து படிகள் அதில் உண்டு. ஆய்வுக்கு அது சிறந்த கருவி. ஆனால் எந்தக் கருவியும் அதனைக் கையாளும் மண்ணின் வழக்கத்தை அறிந்திருத்தல் வேண்டும். விருந்துண்ட வீட்டிலே கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு வருவது நம்மவர் பண்பன்று. கூட்டத்துக்கு அழைத்து, மதிய உணவும் தந்து, இறுதியில் எப்படி என்று கேட்டால், நன்று என்பதைத் தவிர வேறு விடை வருமா? கேள்வியை மாற்றிக் கேட்டாலன்றி விடை மாறாது. நாளை இதே கூட்டம் மீண்டும் கூடுமாயின் எதனை விட்டுவிடலாம், எதனைச் சேர்க்கலாம் என்று கேட்டுப் பார்த்தால், அதே பெரியவர் குறை கூறுகின்றோம் என்ற கூச்சமின்றி நாலு விஷயங்களைச் சொல்வார். உப்பைப் பற்றியும் சொல்லக்கூடும்.

வானொலிக்கு இச்சங்கடம் புதிதன்று. பேசுபவருக்குக் கேட்பவர் முகம் தெரிவதில்லை. தொடக்க காலத்தில் நேயர் எழுதும் கடிதங்களே அளவுகோலாக இருந்தன. கடிதம் எழுதுவோர் ஒரு வகையினர், எழுதாது கேட்டுக்கொண்டிருப்போர் மற்றொரு வகையினர் என்பது மெல்லவே விளங்கிற்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1936இல் ரொபேர்ட் சில்வி என்பவரை அமர்த்தி, நேயர் கருத்தை முறையாகத் தேடிச் சென்று அறியும் பணியைத் தொடங்கியது. தானே வந்து சேரும் கருத்து வேறு, தேடிப்போய்ப் பெறும் கருத்து வேறு என்பதே அம்முயற்சியின் அடிப்படை. மகாநாட்டு மண்டபத்திலும் ஒலிவாங்கி முன்னே வந்து நிற்பவர் கடிதம் எழுதும் நேயரைப் போன்றவர். பின்வரிசை பேசுவதில்லை.

பேசாத அப்பின்வரிசை, தேநீர் இடைவேளையிலே நன்றாகப் பேசும். 1964ஆம் ஆண்டு ஜனவரியில் புதுதில்லியிற் கீழைத்தேயவியலாளரின் அனைத்துலக மகாநாடு கூடியபோது, தமிழாய்வுக்கெனத் தனி அமைப்பு வேண்டும் என்று கருதிய அறிஞர்கள் அங்கேயே, ஜனவரி 7ஆம் நாள், தமக்குள் ஒன்றுகூடினர். தனிநாயகம் அடிகளாரும் வ. ஐ. சுப்பிரமணியமும் முன்னின்று அழைத்த அக்கூட்டத்திற் பிறந்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். ஈராண்டு கழித்து, 1966 ஏப்பிரலில், முதலாவது உலகத் தமிழ் மகாநாடு கோலாலம்பூரில் நடந்தேறியது. வந்திருந்தோர் மனத்தில் இருந்தது என்ன என்பதற்கு இதனினும் தெளிவான விடையை எந்தப் படிவமும் பெற்றுத் தந்திராது. ஆதலின், கருத்தறிய விழைவோர் நன்றியுரை நேரத்தை நம்பியிராது, தேநீர்க் குவளையுடன் நிற்பவரருகே தாமும் ஒரு குவளையுடன் போய் நிற்றல் நலம்.

திருகோணமலை மாவட்டத்திற்கென வேறு சில சங்கடங்களும் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இங்கு வாழும் மூவினத்தவருள் எவரும் சனத்தொகையிற் பாதியை எட்டவில்லை. எனவே எந்தப் பொதுக்கூட்டமும் இருமொழிக் கூட்டமே. கொழும்பிலிருந்து வரும் படிவங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னரே மொழிபெயர்க்கப்படுகின்றன. படித்த ஆசிரியரே இருமுறை வாசித்துப் பொருள் கொள்ள வேண்டிய தமிழ் அதிலே இருக்கும். மூதூர் மீனவர் என் செய்வார்? எழுத்து வாசனை குறைந்தோர் பக்கத்திலிருப்பவரின் தாளைப் பார்த்து அடையாளம் இடுவதும் உண்டு. கைத்தொலைபேசியாற் பதில் அனுப்பும் முறை இன்று பரவிவருகின்றது. இளைஞர்க்கு அது வசதியே. முதியோர்க்கு, அருகிருந்து அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளும் ஒரு மாணவன் அதனினும் பெரிய வசதி.

இன்னொன்று, பெயர். வருகைப் பதிவிலே பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் யாவும் வாங்கப்படுகின்றன. அதே மேசையிலே கருத்துத் தாளும் வாங்கப்படுமாயின், எழுதுபவர் கை தயங்குவது இயல்பு. இச்சிறிய மாவட்டத்தில் உத்தியோகத்தருக்குக் கையெழுத்தைப் பார்த்தே ஆளைத் தெரியும். ஆதலின் பெயரில்லாத தாளும், பூட்டிய பெட்டியும், மேசையிலிருந்து சற்று எட்டி வைக்கப்பட்ட இடமும் அற்பக் காரியங்கள் அல்ல.

இவை எல்லாவற்றினும் கனமானது ஒன்று உண்டு. கேட்கப்பட்டவர்க்குப் பதில் கிடைத்ததா என்பதே அது.

யுத்தம் முடிந்த பின்னர், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010இல் திருகோணமலையிலும் அமர்ந்து மக்களின் சாட்சியத்தைக் கேட்டது. காணாமற்போனோர் பற்றி 2013இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவும் இம்மாவட்டத்தில் அமர்வு நடத்தியது. பின் 2016இல், மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலும் பாக்கியசோதி சரவணமுத்துவைச் செயலாளராகக் கொண்டும், பதினொருவர் கொண்ட கலந்தாலோசனைச் செயலணி அமைந்தது. பதினைந்து வலயக் குழுக்கள் நாடெங்கும் பொதுக்கூட்டங்களும் சிறுகுழு உரையாடல்களும் நடத்தின. பெறப்பட்ட கருத்துரைகள் மொத்தம் 7,306. மக்களை அவர்கள் இடத்துக்கே சென்று, அவர்கள் மொழியிலே கேட்க முற்பட்ட பணி அது என்ற வகையிற் பாராட்டத்தக்கதே.

ஆயினும் ஒவ்வோர் அமர்வுக்கும் வந்தவர்களுட் பலர், அதற்கு முந்திய அமர்வுக்கும் வந்தவர்கள். அதே புகைப்படத்தைக் கையிலே பிடித்து, அதே பெயரை, அதே திகதியைச் சொன்னவர்கள். மீண்டும் மீண்டும் சொல்லிச் சலித்துவிட்டோம் என்ற குரல் செயலணியின் அறிக்கையிலேயே இடம்பெற்றது. சில இடங்களிற் புலனாய்வினரின் நடமாட்டம் பேச வந்தோரைத் தயங்கச் செய்தது என்பதும் அதிற் குறிக்கப்பட்டது. காணாமற்போனோருக்கான அலுவலகத்தை நிறுவும் சட்டமூலம் 2016 ஆகஸ்ட் 11ஆம் நாள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்கள் கருத்தைத் தொகுத்த இறுதி அறிக்கை கையளிக்கப்பட்டதோ 2017 ஜனவரியில். அலுவலகம் வேண்டும் என்பதில் அவசரம் இருந்தது என்பர், இருக்கலாம். எனினும் தாம் சொல்லி முடிக்குமுன்னே சட்டம் முடிந்துவிட்டது என்று அறிந்த தாயொருத்தி, அடுத்த அழைப்புக் கடிதத்தை எப்படிப் பார்ப்பாள்? பேசுவதற்காக அவள் ஒரு நாட் கூலியை இழந்திருக்கின்றாள். ஆறாத புண்ணை அந்நியர் முன்னே மீண்டும் திறந்து காட்டியிருக்கின்றாள்.

சாதாரண மகாநாடுகளில் இத்தகைய துயரம் இல்லை. ஆனால் நடப்பது ஒன்றே. மூன்று முறை கருத்துக் கேட்கப்பட்டு, மூன்று முறையும் மறுமொழி காணாத ஆசிரியர், நான்காம் முறை முதற் கட்டத்திலே கோடிட்டுவிட்டுப் போவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. 1959இல் டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர் பயிற்சிகளை மதிப்பிட நான்கு நிலைகளைக் கூறினார். பங்குபற்றியோர் விரும்பினரா என்பது அவற்றுள் முதல் நிலை மாத்திரமே. கற்றனரா, வேலையிற் கையாண்டனரா, பயன் விளைந்ததா என்பன அடுத்தவை. நமது அறிக்கைகள் பெரும்பாலும் முதற்படியிலே அமர்ந்துவிடுகின்றன. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துத் தம்பலகாமத்து வகுப்பறைக்குச் சென்று பார்ப்பவர் எத்தனை பேர்?

செய்யக்கூடியது அதிகச் செலவுள்ளதன்று. இரண்டு நாள் மகாநாடாயின், முதல் நாள் மதிய உணவுக்கு முன்னரே பெட்டியைத் திறந்து வாசிக்கலாம். பின்வரிசைக்கு ஒலி எட்டவில்லை என்று எழுதியிருந்தால் ஒலிபெருக்கியை அன்றே நகர்த்தலாம். சிங்கள உரைக்குத் தமிழ் விளக்கம் இல்லை என்றிருந்தால் பிற்பகலுக்குள் ஒருவரைத் தேடலாம். மறுநாட் காலை, பிரதம விருந்தினர் பேசுமுன், நேற்றுச் சொன்னவை இவை, மாற்றியவை இவை என்று காரியதரிசி ஐந்து நிமிடம் வாசிக்கலாம்.

கூட்டம் கலைந்து ஒரு மாதத்துள் ஒரு பக்கத் தாள் ஒன்று, தமிழிலும் சிங்களத்திலும், கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவருக்கும் பாடசாலை அறிவித்தற் பலகைக்கும் போய்ச் சேரட்டும். கேட்டது இன்னது, செய்தது இன்னது, செய்ய இயலாதது இன்னது, அதற்குக் காரணம் இன்னது. கடைசி இரண்டையும் எழுதத்தான் உத்தியோகத்தர் பேனா எளிதில் இணங்காது. மண்டப வாடகையோடு ஒப்பிட்டால் அத்தாளின் அஞ்சற் செலவு மிகச் சொற்பம். வெருகல் வரைக்கும் அதே முத்திரைதான்.