பூட்டன் பெயர்
(சங்க ஆண்டு விழாவிலே ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஓர் இளைஞர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய அப்பப்பா மாங்குளத்திலே வாழ்ந்தவர். “எங்கள் பூட்டனாரின் பெயர் யாது? பத்திரங்கள் யாவும் 1990 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே போயின, இனி வழியில்லையா?” என்று கேட்டிருந்தார். வழி உண்டு என்பதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

பூட்டன் பெயர் எதற்கு என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை மறந்துவிட்டார்கள். இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்தவர், அன்றேல் பாட்டன், பூட்டன் இருவரும் இங்கே பிறந்தவர்கள் என்று நிறுவ வேண்டும் என்றது அச்சட்டம். மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் வன்னியிலே வந்து குடியேறிய குடும்பங்கள் பல அத்துன்பத்தைச் சுமந்து வந்தவையே. எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே உரிமை கிட்டியது.

இனி, வழி அடைபடும் இடங்களைப் பார்ப்போம். முதலாவது, பெயர். ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கோ தந்தை பெயரே முதலெழுத்து. தலைமுறைதோறும் அது மாறும். அதன்மேல், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் உண்டு. ஆகவே ஒரே பெயரில் இருவர் வந்தால் ஒருவரென மயங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, ஆண்டு. பழைய சாதகத்திலே ‘விளம்பி வருடம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கொருமுறை அது திரும்பும்: 1898, 1958, 2018. பிள்ளை 1925 இல் பிறந்திருந்தால், தந்தைக்குரிய விளம்பி 1898 என்பது கணக்கிலே தெளியும்.

மூன்றாவது, தந்தை வழி அற்றுப்போதல். அப்பொழுது தாய் வழியே செல்லுங்கள். 1707 இல் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. சீதன உறுதியை வாசித்தால் அம்மம்மாவின் பெயரும் அவருக்குக் கொடுத்தோர் பெயரும் கிடைக்கும். நான்கு எல்லைக்காரரின் பெயர்களையும் விடாதீர்கள். ஒரு காணியைப் பங்கிட்ட சகோதரர் பலர் அயற்காணிக்காரராய் இருப்பர். வீட்டுப் பிரதி எரிந்திருந்தாலும் நொத்தாரிசு அனுப்பிய மறுபிரதி காணிப் பதிவகத்திலே இருக்கக்கூடும்.

உறுதியும் இல்லையெனில் கல்வெட்டைத் தேடுங்கள். அந்தியேட்டியன்று அச்சிட்டு வழங்கும் அச்சிறு நூலிலே வமிசம் பாடப்பட்டிருக்கும். நம் வீட்டில் அழிந்தது சம்பந்தி வீட்டுப் பெட்டகத்திலே கிடக்கும். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்திலும் நினைவு மலர்கள் பல உள. கடல் கடந்தோரும் வாசிக்கலாம். மலையக வழியினர் குலதெய்வம் எதுவென்று முதியோரைக் கேளுங்கள். தமிழ்நாட்டு ஊர் மறந்தாலும் குலதெய்வம் எளிதில் மறப்பதில்லை. அக்கோயில் எங்கேயோ, அதுவே புறப்பட்ட ஊராதல் கூடும்.

கனடா இளைஞருக்கு விடை எப்படிக் கிடைத்தது? அவருடைய அப்பப்பாவின் தமக்கை வழியிலே ஒரு மூதாட்டி புதுக்குடியிருப்பில் இருக்கிறார். போய்க் கேட்டேன். பூட்டனின் பெயரையும் ஊரையும் சொன்னார். நான் கேளாமலே பூட்டியின் பெயரையும் சொன்னார். “ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லவில்லை?” என்றேன். “ஆர் தம்பி கேட்டது?” என்றார்.

வாலிப அன்பர்களே, இந்த மாதத்துக்குள் ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டு முதியவர் அருகில் இருந்து, பெயர், ஊர், யார் மகள், யாருக்குக் கொடுத்தது என்று எழுதுங்கள். ஐயமானதை ஐயமென்றே குறியுங்கள். வெற்றிடத்தை அரச பரம்பரை கட்டி நிரப்பாதீர்கள். உயர்வு தாழ்வு பேசுவதற்காகவும் தேடாதீர்கள். ஒரு பிரதியை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புங்கள். பெரியோர்களே, அவர்கள் கேட்கும் வரை காத்திராது நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.