பீலிக்கரைச் சச்சரவும் கொட்டை எழுத்துத் தலைப்பும்

(பதுளைக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பீலிக்கரையில் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்த சச்சரவு இது. தண்ணீர் அருகிய மாசி மாதம். குடத்தை முந்தி வைத்தவர் யார் என்று லயத்துப் பெண்ணொருத்திக்கும் அயற்கிராமத்துச் சிங்களப் பெண்மணிக்கும் வாய்த்தர்க்கம் மூண்டது. ஒரு குடம் நசுங்கியது. ஒரு கையிற் சிராய்ப்பு. இருவரும் பொலிசுக்குப் போயினர். பத்திரிகையிலோ, "தோட்டத்தில் இனமோதல்; பதுளையில் பதற்றம்" என்று வந்தது!

பதற்றம் வந்தது தலைப்பைப் படித்த பின்னர்தான். தோட்டத்துக்கு மரக்கறி கொண்டுவரும் கிராமத்துக் கமக்காரர் ஒரு கிழமை தலைகாட்டவில்லை. அவருடைய போஞ்சி வாடியது, லயத்திற் கறியில்லை. இளைஞர் இரவிற் காவலிருந்தனர். பொலிசார் இருவரையும் நீதவான் முன் நிறுத்தியபோது லயத்துப் பெண்ணுக்காக நான் தோன்றினேன். வழக்குக் கூப்பிடும் வரை அவ்விருவரும் விறாந்தையில் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே பையிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தனர். வழக்கு சமாதானமாயிற்று. அச்செய்தி எதிலும் வரவில்லை.

எழுதிய நிருபரை நான் தேடிப்பிடித்தேன். லுணுகலையிலிருந்து அப்புத்தளை வரை அவர் ஒருவரே. மாதச் சம்பளம் கிடையாது; அச்சேறிய செய்திக்கே கூலி. பஸ் கட்டணமும் கைக்காசு. ஆகவே தோட்டத்துக்குப் போகாமல், பொலிஸ் நிலையத்திற் கேட்டதை அனுப்பினார். அவர் எழுதிய சொல் "தகராறு". கொழும்பிலே பல மாவட்டங்களின் செய்தியைத் தனியொருவராய்த் திருத்துபவர், விசாரிக்க நேரமின்றி, அதை "இனமோதல்" ஆக்கினார். நிருபரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. ஆளுக்குரிய சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் முதலாளியை என்ன சொல்வது?

இதைச் சிறு விஷயமென்று தள்ள நம் மாவட்டத்தார்க்கு உரிமையில்லை. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் மாலை, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிலிருந்த தமிழ் இளைஞர் தம் குறைகளை அதிகாரியிடம் முறையிட்டனர். முகாமுக்குள் தீர்ந்திருக்க வேண்டிய வழக்கு. இரவோடிரவாக அது ஊரெங்கும் வேறு கதையாய்ப் பரவிற்று. காலையிற் கூட்டம் திரண்டு, காவலர் நிற்கவே, 25க்கு மேற்பட்டோரைக் கொன்றது. மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் எஞ்சியோரையும் விடுவித்தது. அன்று அச்சிட்ட தலைப்பே தேவைப்படவில்லை, வதந்தியே போதுமாயிற்று. அத்தகைய மண்ணிலேதான் "இனமோதல்" என்ற சொல்லை அலட்சியமாக வீசுகிறார்கள்.

சட்டத்தில் வழியில்லையா என்பீர்கள். 2003 முதல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு உண்டு. எழுதலாம், எழுதவும் வேண்டும். பீலிக்கரைச் செய்திக்கும் நாம் எழுதினோம்; திருத்தம் உள்பக்கத்தின் அடியில் வந்தது. போஞ்சி வாடிய கிழமைக்கு அது உதவவில்லை.

ஆகவே செய்தி போகுமுன் உண்மை போகவேண்டும். தோட்டத் தலைவர்மாரே, சச்சரவு நடந்த அன்றிரவே, நடந்தது என்ன, யார் யார், எதற்காக என்று, நமக்குப் பாதகமானதையும் மறைக்காமல், நிருபருக்குச் சொல்லுங்கள். மறைத்தால் மறுமுறை நம்பமாட்டார். ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். கிராமத்தாரின் கையொப்பமும் இருந்தால் மெத்த நன்று. அப்பணிக்கு முன்வருவோர் தம் பெயரையும் தோட்டத்தையும் வாயிலருகே உள்ள மேசையிற் பதிந்து செல்லுமாறு வேண்டுகிறேன்.