வாத்தியார் வேலை ஒரு தொழில்தானா?

(நம் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

"வேற வேலை எதுவும் கிடைக்கலையா?" ஆசிரியராக இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்போம். கேட்டவரே அடுத்த நிமிஷம், "ஆனாலும் புனிதமான பணி சார்!" என்பார். வேலை மட்டம், பணி புனிதம்! இரண்டுக்கும் நடுவில், மருத்துவம், வக்கீல் தொழில் மாதிரி இதுவும் ஒரு முழுமையான தொழில்தானா என்று கேட்பாரில்லை. அதைத்தான் நான் இங்கே கேட்க வந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட தொழிலுக்கு மூன்று அடையாளம் சொல்லலாம். அதற்கென்று தனி அறிவு வேண்டும். நுழையத் தகுதி வேண்டும். செய்கிறவர்களே தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டும்.

முதலில் அறிவு. 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள். "0.35" என்று சொல்லலாம். கணக்குத் தெரிந்த எவரும் "தப்பு" என்று சொல்லிவிடுவார். ஐந்தைவிட முப்பத்தைந்து பெரியது என்கிற நினைப்பிலிருந்து அந்தத் தப்பு வந்தது என்று கண்டுபிடித்துத் திருத்துகிறவர் ஆசிரியர். பாடம் தெரிவது வேறு, பாடம் சொல்லத் தெரிவது வேறு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதை அன்றே அறிந்திருந்தார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று உவமை சொன்னதோடு நிற்காமல், ஆசிரியர் ஆகத் தகாதவரைப் பருத்தி அடைத்த குடுவைக்கும் ஒப்பிட்டார். உள்ளே இருக்கும், ஆனால் லேசில் வெளியே வராது!

இரண்டாவது தகுதி. 1993-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம் வந்தது. 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தகுதித் தேர்வும் வந்தது. ஆக, வாசலில் காவல் இருக்கிறது.

மூன்றாவதில்தான் இடிக்கிறது. 1961-இன் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலை வழக்கறிஞர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறு செய்தவரை விசாரிப்பதும் அதுதான். ஸ்காட்லாந்தில் 1965-லேயே ஆசிரியர்களைப் பதிவு செய்யத் தனி மன்றம் அமைத்தார்கள். நம்மிடம் சம்பளத்துக்குப் போராடச் சங்கங்கள் உண்டு, அவை வேண்டியவைதான். ஆனால் தொழில் தர்மத்தைக் காக்க நாமே தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை.

சரி, புனிதம் என்ற பட்டம் நமக்கு என்ன தந்தது? வேலையிலிருந்து நீக்கப்பட்ட கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில், 1988-இல் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்றது. சொன்ன காரணங்களில் ஒன்று, கற்பித்தல் உன்னதமான பணி என்பது! 2004-இல் பணிக்கொடைச் சட்டத்தின் வரையறையிலும் ஆசிரியர் வரமாட்டார் என்று தீர்ப்பானது. நாடாளுமன்றம் 2009-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும் என்றது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடின. 2022-இல்தான் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்து வைத்தது. பூமாலை உடனே விழுந்துவிடுகிறது. பணிக்கொடைக்கு இத்தனை வருஷம்!

நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மே மாதச் சம்பளம் கிடையாது. ஏப்ரலில் கணக்கு முடித்து ஜூனில் புதிதாகச் சேர்ப்பார்கள். அங்கேயும் ஆசிரியர் தின விழா தடபுடலாக நடக்கும்.

ஆகவே என் முடிவு இது: அறிவால் இது தொழில்தான், அமைப்பால் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. மீதி வழியை நாம்தான் நடக்க வேண்டும்.

நம்மில் பலர் இன்று பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறீர்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி பேனா கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பன்னிரண்டு மாதச் சம்பளமும், முறையான நியமன ஆணையும் கொடுங்கள். தம்பி தங்கைகளே, வேறு வேலை கிடைக்காமல் இதற்கு வராதீர்கள். வேறு வேலை கிடைத்தும் இதுதான் வேண்டும் என்றால் வாருங்கள். உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.