வெட்டியபின் எஞ்சும் கோடு



கணிப்பொறியில் வரைந்த ஓவியத்தை லேசர் ஒளியால் பலகைகளில் வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டும் புதுக்கலை இன்று பரவி வருகிறது. நண்பர் இருவர் கூடிச் செய்வதற்கு ஏற்ற தொழில் இது. ஒருவர் வரைவார், மற்றவர் வெட்டுவார்.

ரமணாசிரமப் பகுதியிலிருந்து அருணாசலத்தை நோக்குவோருக்கு முன்னே மரங்கள், பின்னே சரிவு, அதற்கும் அப்பால் முகடு. தாளில் தோற்றமாக மட்டுமே அமையும் இத்தொலைவு, மர அடுக்கில் மெய்யாகவே அமைகிறது. 3 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஐந்து சேர்ந்தால் 15 மில்லிமீட்டர் ஆழம். அதில் விழும் நிழலே கோடாகிறது.

ஓவியருக்குச் சோதனையும் இங்கேதான். சிக்குக்கோலத்தைப் பலகையில் வரைந்து கோட்டின் வழியே வெட்டினால், உள்ளே அடைபட்ட துண்டுகள் யாவும் உதிர்ந்துவிடும். எங்கே சிறு பாலம் விடவேண்டும் என்பதை வெட்டும் நண்பரே முதலில் காண்கிறார். அவர் சொல்கேட்டு ஓவியர் தம் கோட்டை மாற்ற இசைய வேண்டும். (அடியை நீக்கச் சொல்லும் நண்பர் கிடைப்பது எத்துணை அரிது என்பதைக் கவிஞர்கள் அறிவார்கள்.)

கரியமில வாயு லேசரை 1964இல் கண்டுபிடித்தவர் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அவ்வொளி மரத்தை அறுப்பதில்லை, எரித்து ஆவியாக்குகிறது. விளிம்பு கருகுவது அதனால்தான். மரத்தின் ரேகை எப்பக்கம் ஓடுகிறதென்று அதற்குத் தெரியாது. அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது; அங்குள்ள சிற்பிக்கோ உளி பட்டவுடன் தெரியும். அவ்வறிவை இயந்திரம் கேட்பதே இல்லை. இழப்பு அதுதான். பலகையைத் தேர்ந்து, ரேகையை மலைச்சரிவின் போக்கிலே திருப்பி வைத்து வெட்டும் நண்பர், அவ்விழப்பில் ஒரு பங்கை மீட்டுத் தருகிறார்.